பேம்பியின் அம்மாவைச் சுட்டது யார்?

பேம்பியின் அம்மாவைச் சுட்டவனைப் பிடித்து உள்ளே போட்டிருக்கலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது.

டிஸ்னியின் 'பேம்பி' (1942) பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. நீளமான குளிர்காலம் ஒரு வழியாக முடிகிறது. பனிக்கு நடுவே முதல் பச்சைப் புல் எட்டிப் பார்க்கிறது. அம்மா மானும் குட்டியும் ஆசையாக மேய்கிறார்கள். அம்மா சட்டென்று தலையைத் தூக்குகிறாள். ஓடச் சொல்கிறாள். ஒரு வெடிச் சத்தம். குட்டி மட்டும் வந்து சேர்கிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை, பனி கொட்டுகிறது. துப்பாக்கியைக் காட்டவில்லை, ஆளைக் காட்டவில்லை, ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. எண்பது வருஷத்துக்கு மேலாகக் குழந்தைகள் அழுதுகொண்டிருக்கின்றன.

சமீபத்தில் மறுபடி பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அமெரிக்காவில் மான் வேட்டை சீசன் இலையுதிர் காலத்து சமாசாரம். துப்பாக்கி சீசன் என்றால் பெரும்பாலும் நவம்பர். வசந்தம் பிறக்கும்போது, அதுவும் குட்டியோடு இருக்கும் பெண் மானைச் சுட எந்த சீசனிலும் இடம் இல்லை. படம் வந்த காலத்தில் பல மாநிலங்களில் கொம்பு உள்ள ஆணைத் தவிர வேறு எதையும் சுடக்கூடாது என்றே சட்டம். ஆக, படத்தில் நடப்பது வேட்டை இல்லை. சுத்தமான திருட்டு வேட்டை.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. 'அவுட்டோர் லைஃப்' என்கிற வேட்டைக்காரர் பத்திரிகை 1942-லேயே கொதித்துப்போய்க் கண்டனம் தெரிவித்தது. கார்ட்டூன் படத்துக்கு எதிராகத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் கோபப்பட்டதைப் படித்து முதலில் சிரித்தேன். அப்புறம் விஸ்கான்சின் மாநிலத்தின் கதையைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா பையன் அங்கே மேடிசனில் இருக்கிறான். நவம்பரில் பேசினால், "எங்க ஆபீஸ்ல பாதி சீட் காலி மாமா. எல்லாரும் மானுக்குப் போயிட்டாங்க" என்பான். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை ஆரம்பித்து ஒன்பது நாள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் கூட்டம் என்ற கணக்கில் பல நாட்டு ராணுவங்களை விடப் பெரிசு. ஆனாலும் பெரிய அசம்பாவிதம் இல்லாமல் முடிகிறது என்றால் காரணம் அந்தத் தடிமனான விதிப் புத்தகம்.

"என்னதான்டா இருக்கு அதுல?" என்று கேட்டேன். ஆர்வமாகச் சொன்னான். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் இருந்து அஸ்தமனத்துக்கு இருபது நிமிஷம் பின்னால் வரை மட்டுமே சுடலாம். 1973-லோ அதற்கு அப்புறமோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் பாஸ் பண்ணியிருக்க வேண்டும். உடம்பில் இடுப்புக்கு மேல் பாதியாவது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சில் இருக்க வேண்டும். மானுக்கு அந்த நிறம் நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தெரியாது, சக வேட்டைக்காரனுக்குத் தெரியும். 2016-ல் பளீர் ரோஸ் நிறத்துக்கும் அனுமதி கொடுத்தார்கள், பெண்கள் நிறைய வருவார்கள் என்று. (வேட்டையாடுகிற பெண்கள் பலர் அதைக் கேட்டுக் கடுப்பானார்கள்.) சுட்ட மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டும். எந்த மாவட்டத்தில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று ஒவ்வொன்றும் கணக்கு.

"சரி, சீசன் நல்லா போச்சான்னு எப்படிச் சொல்வாங்க?"

"ஆளுக்கு ஒரு பதில் மாமா. முதல் நாள் லேசா பனி விழுந்திருக்கணும், குளம்புத் தடம் தெரியும். சோளம் அறுத்திருக்கணும், இல்லாட்டி அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். காத்து ஜாஸ்தி இருக்கக்கூடாது. எங்க மேனேஜருக்குக் கொம்புல எத்தனை கிளைங்கறதுதான் கணக்கு. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ஃப்ரீசர் ரொம்பணும். டிவில எத்தனை லட்சம் விழுந்ததுன்னு சொல்வாங்க."

இவை எல்லாமே தப்பான பதில்கள் என்று சொன்ன ஒரு மனிதர் அதே மேடிசனில் இருந்தார். ஆல்டோ லியோபோல்ட். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர். வேட்டைப் பிராணிகளைப் பராமரிப்பதை ஒரு படிப்பாகவே ஆக்கியவர். 1933-ல் அதற்குப் பாடப் புத்தகம் எழுதியவர். சைவம் பேசுகிறவர் இல்லை. சின்ன வயசிலிருந்தே வேட்டைக்காரர். வில்லும் அம்பும் தன் கையால் செய்துகொள்வார். அவர் மனைவி வில்வித்தையில் மாநில சாம்பியன்.

1940-களில் விஸ்கான்சினின் வடக்குக் காடுகளில் மான் பெருத்துப்போயிருந்தது. ஓநாயைக் கிட்டத்தட்டத் தீர்த்துக்கட்டியாயிற்று. பல வருஷங்களாக ஆண் மானை மட்டும் சுடுகிற சட்டம். ஒரு ஆண் பல பெண்களோடு சேரும் ஜாதி இது. ஆணைச் சுட்டால் கொம்பு குறையுமே தவிர, குட்டி குறையாது. குளிர்காலத்தில் மான்கள் ஸீடர் மரச் சதுப்புகளில் கூட்டமாக ஒதுங்கும். அங்கே கிளைகளையும் கொழுந்தையும் எட்டுகிற உயரம் வரை தின்று தீர்க்கும். காட்டுக்குள் போய்ப் பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். கோட்டுக்கு மேலே பச்சை, கீழே மொட்டை. பெரிய மான் பின்னங்காலில் எழும்பிக் கோட்டைத் தொட்டுவிடும். குட்டிக்கு எட்டாது. அதனால் பட்டினியில் முதலில் சாகிறது குட்டிதான்.

லியோபோல்ட் இருந்த கமிட்டி இதைப் பார்த்துவிட்டு வந்து, பெண் மானையும் சுடத்தான் வேண்டும் என்று சொன்னது. 1943 நவம்பரில் சீசனை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் நாலு நாள் கொம்புள்ளவை, மூன்று நாள் இடைவெளி, அப்புறம் நாலு நாள் கொம்பில்லாதவை. மொத்தம் 1,28,000 மான்கள் விழுந்தன. டிவி கணக்குப்படி அமோகமான சீசன்.

மாநிலமே கொந்தளித்துவிட்டது. '43-ன் குற்றம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 'விஸ்கான்சின் மான்களைக் காப்போம்' என்று ஒரு பத்திரிகையே ஆரம்பித்து லியோபோல்டைத் திட்டினார்கள். திட்டியவர்களில் பெரும்பாலோர் யார்? வேட்டைக்காரர்கள். அம்மா மானையும் குட்டியையும் கொல்லச் சொல்லும் கிராதகப் பேராசிரியர்! 'பேம்பி' ரிலீஸாகி அப்போது ஒன்றேகால் வருஷம். படம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பெண் மானைத் தொடாதே என்பது அதற்கும் முந்தைய பாடம், வேட்டைச் சங்கங்களே முன்பு சொல்லிக்கொடுத்தது. படம் அந்தப் பாடத்துக்கு ஒரு முகம் கொடுத்தது. பெரிய கண், நீளமான இமை.

இப்போது படத்துக்குத் திரும்பலாம். அழகான படம், அதில் சந்தேகமே இல்லை. நிஜ மான்குட்டிகளை ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார்கள். மான் நடப்பது, பனிக்கட்டியில் வழுக்குவது எல்லாம் இன்றைக்கும் கம்ப்யூட்டரால் தாண்ட முடியாத வேலை. காட்டை வரைந்தது டைரஸ் வாங் என்கிற சீனக் குடியேறி. இலை இலையாக வரையாமல், பழைய சீன ஓவியங்கள் மாதிரி நாலு தீற்றலில் மூடுபனியும் மரமும் கொண்டுவந்துவிடுவார். 2016-ல் 106 வயதில் இறந்தார். அவர் பெயர் உலகத்துக்குத் தெரிய ரொம்ப நாளாயிற்று.

படத்தோடு எனக்குச் சண்டை வேட்டைக்காரனை வில்லனாக்கியதில் இல்லை. அந்தக் காட்டில் யாரும் யாரையும் தின்பதில்லை, அதில்தான். ஆந்தை முயல்களுக்கு நடுவில் உட்கார்ந்து காதலைப் பற்றி லெக்சர் கொடுக்கிறது. ஓநாய் இல்லை, நரி இல்லை. மனுஷன் வந்தால்தான் சாவு.

மூல நாவல் இப்படி இல்லை. 1923-ல் வியன்னாவின் ஃபெலிக்ஸ் ஸால்டன் எழுதியது. அவரும் ஒரு வேட்டைக்காரர் என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். நாவலில் கீரி மாதிரி ஒரு பிராணி எலியைக் கொல்கிறது, காக்கைகள் முயல்குட்டியைக் குத்திக் கிழிக்கின்றன, நரி தன் பங்குக்கு. மனிதனிடம் வளர்ந்து கழுத்துப்பட்டையோடு திரும்பிவரும் கோபோ என்ற மான், மனிதன் நல்லவன் என்று நம்பி நேராகத் துப்பாக்கியின் முன்னால் போய் நிற்கிறது. கடைசியில் கிழட்டுத் தலைவன் மான், செத்துக் கிடக்கும் ஒரு திருட்டு வேட்டைக்காரனின் உடலை பேம்பிக்குக் காட்டுகிறது: இவனும் சாகிறவன்தான், பார்த்துக்கொள் என்று. ஸால்டன் யூதர். ஜெர்மனியில் நாஜிகள் அவர் புத்தகத்துக்குத் தடை போட்டார்கள். ஸூரிச்சுக்குத் தப்பிப் போய் அங்கேயே இறந்தார். பட உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது ஆயிரம் டாலர். டிஸ்னி கோபோவை மொத்தமாக வெட்டிவிட்டார். பல்லையும் நகத்தையும் சேர்த்துத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், படத்திலேயே ஒரு இடத்தில் உண்மை எட்டிப் பார்க்கிறது. குளிர்காலத்தில் அம்மாவும் குட்டியும் மரப்பட்டையைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். கீழே இருப்பது தீர்ந்துபோய், அம்மா எட்டி மேலே இருப்பதை உரித்துக் கொடுப்பாள். கவனியுங்கள்: லியோபோல்ட் சதுப்பில் பார்த்த அதே கோடு! குட்டி பசிக்கிறது என்கிறது. இன்னும் இரண்டு நிமிஷம் அங்கேயே நின்றிருந்தால் படம் வேறு படமாகியிருக்கும். ஆனால் உடனே புல் முளைத்துவிடுகிறது, துப்பாக்கி வெடித்துவிடுகிறது, அடுத்த நிமிஷம் பறவைகள் கோரஸாகப் பாட ஆரம்பித்துவிடுகின்றன. பசியின் பழி குண்டின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது.

லியோபோல்ட் எழுதிய பதில் ஒரு சின்னக் கட்டுரை. மலையைப் போல யோசிப்பது பற்றி. 1944-ல், அதாவது அந்த வசவுகளுக்கு நடுவில் எழுதியது. 'எ ஸாண்ட் கவுண்டி அல்மனாக்' என்ற புத்தகத்தில் இருக்கிறது. இளம் வயதில், 1909-ல், அரிசோனாவில் வனத்துறை வேலையில் இருந்தபோது ஒரு தாய் ஓநாயைச் சுட்டதைச் சொல்கிறார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம் என்பது அன்றைய கணக்கு. அது சாவதைக் கிட்டப் போய்ப் பார்த்தார். அந்தக் கண்ணில் தெரிந்ததைப் பற்றி அவர் எழுதியிருப்பதை நான் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை, படித்துக்கொள்ளுங்கள். மான் ஓநாய்க்குப் பயந்து வாழ்கிறது, மலை மானுக்குப் பயந்து வாழ்கிறது என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார்.

நான்கு பக்கம்தான். ஆனால் அதை எழுத அவருக்கு முப்பத்தைந்து வருஷம் பிடித்திருக்கிறது. அதுவும் தானாக வரவில்லை. அவருடைய பழைய மாணவர் ஒருவர், 'ஊருக்கெல்லாம் தப்பு சொல்கிறீர்களே, நீங்களும் ஓநாயைக் கொன்றவர்தானே, அதை எழுதுங்கள்' என்கிற பாணியில் கடிதத்தில் குடைந்துகொண்டே இருந்தார். அதற்கப்புறம்தான் வாத்தியார் பேனாவை எடுத்தார். நல்ல மாணவர் கிடைப்பதும் எழுத்தாளனுக்கு ஒரு அதிர்ஷ்டம்.

புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. லியோபோல்டும் அவர் பின்னால் வந்தவர்களும் அடிக்கடி காட்டிய உதாரணம் அரிசோனாவின் கைபாப் பீடபூமி. 1906-ல் அதைச் சரணாலயமாக்கி மான் வேட்டையை நிறுத்தினார்கள். அரசாங்கமே ஆள் போட்டு மலைச்சிங்கத்தையும் ஓநாயையும் கொன்றது. நாலாயிரமாக இருந்த மான் இருபது வருஷத்துக்குள் ஒரு லட்சமாகி, பட்டினியில் கும்பல் கும்பலாகச் செத்தது என்று பாடப் புத்தகங்களில் கிராஃப் போட்டிருப்பார்கள். அந்த ஒரு லட்சம் பல மதிப்பீடுகளில் மிகப் பெரியது. முப்பதாயிரம் என்றவர்களும் உண்டு. 1970-ல் கிரேம் காக்லி என்ற நிபுணர் இந்தப் புள்ளிவிவரத்தைப் பிரித்து மேய்ந்துவிட்டார். கொஞ்ச காலம் கைபாப் கதையே புத்தகங்களிலிருந்து மறைந்துபோயிற்று. பிறகு 2006-ல் அங்கே உள்ள ஆஸ்பென் மரங்களின் வயதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். மான் பெருகியதாகச் சொன்ன அந்த வருஷங்களில் முளைத்த மரங்கள் ரொம்பக் குறைவு. எண்ணிக்கை சந்தேகம், கதை நிஜம் என்று மரங்களே சாட்சி சொல்லிவிட்டன. லியோபோல்ட் அந்த எண்ணை இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாண்டிருக்கலாம்.

கைபாபில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் நகர முடியாது. 1924 டிசம்பரில், பட்டினி கிடக்கும் மான்களைச் சுட மனம் வராமல், அவற்றை ஓட்டிக்கொண்டு போய் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இறக்கி, ஆற்றைக் கடத்தி, எதிர்க் கரையில் ஏற்றிவிடலாம் என்று கிளம்பினார்கள். குதிரை வீரர்கள், நவஹோ பழங்குடியினர், கையில் மாட்டு மணி, தகர டப்பா. பனிப்புயல் வேறு. மான்கள் திரும்பி, ஓட்டுகிறவர்களுக்கு நடுவிலேயே புகுந்து பின்னால் ஓடிப்போயின. ஒரு மான்கூட அக்கரை போகவில்லை. வெஸ்டர்ன் நாவலாசிரியர் ஸேன் கிரே கூடவே இருந்து பார்த்து அதை நாவலாக்கினார். பிறகு மத்திய அரசு மான்களைச் சுட, மாநில அரசு எங்கள் வேட்டைச் சட்டப்படி தப்பு என்று தடுக்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1928-ல் கோர்ட், தன் நிலத்துக் காட்டைக் காப்பாற்ற மத்திய அரசு சுடலாம் என்றது.

அப்படியானால் சீசன் நன்றாக நடந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? மான் சுட்டவர்களைக் கேட்கக்கூடாது, அடுத்த வசந்தத்தில் போய் நாற்றைப் பார்க்க வேண்டும் என்பது லியோபோல்டின் வழி. ஸீடர் கன்று முழங்கால் உயரம் தாண்டியிருக்கிறதா, கோட்டுக்குக் கீழே பச்சை தெரிகிறதா. கன்று பேசாது, ஓட்டுப் போடாது, கொம்பு மாதிரி சுவரில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்ளவும் முடியாது. அதனால்தான் இந்த வாதம் எப்போதும் தோற்கிறது.

1943-க்கு அப்புறமும் தோற்றது. பெண் மானைச் சுட மறுபடி அனுமதி வந்தது 1949-ல். லியோபோல்ட் அதைப் பார்க்கவில்லை. 1948 ஏப்ரலில் பக்கத்துப் பண்ணையில் புல் தீப்பிடிக்க, அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பு. புத்தகமும் 1949-ல்தான் வந்தது. இன்றுவரை இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

அரை நூற்றாண்டு கழித்து, 1996-ல், விஸ்கான்சின் அதிகாரிகள் ஒரு புது விதியைக் கொண்டுவந்தார்கள். மான் மிகுந்த பகுதிகளில் முதலில் கொம்பில்லாத மான் ஒன்றைச் சுட்டுப் பதிவு செய்தால்தான் கொம்பு மானுக்கு அனுமதி. தமிழில் சொன்னால், கீரை சாப்பிட்டால்தான் பாயசம். மான் எண்ணிக்கையைக் குறைத்ததில் கைமேல் பலன். வேட்டைக்காரர்களுக்கு ஆத்திரமான ஆத்திரம். 2011-ல் சட்டம் போட்டே அதை ஒழித்தார்கள். நடுவில் 2002-ல் மானின் மூளையை அரிக்கும் ஒரு நோய் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. மேட் கவ் நோய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. நெருக்கமாக மான் இருந்தால் சுலபமாகப் பரவும். ஒரு வட்டாரத்து மான்களை மொத்தமாகக் காலி பண்ணப் பார்த்தார்கள், ஜனங்கள் ஒத்துழைக்கவில்லை, சில வருஷத்தில் கைவிட வேண்டியதாயிற்று. நோய் இன்னும் இருக்கிறது.

நமக்கு இங்கே 1972 சட்டப்படி இப்போது சீசனும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. அது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் காடுகளில் புலியும் செந்நாயும் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்கின்றன. ஆனால் அந்தமானில் வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்ட புள்ளிமான், தின்ன ஆள் இல்லாத தீவுகளில் பெருகி, அந்த ஊர்ச் செடிகளை முளைக்க விடாமல் மேய்ந்துகொண்டிருக்கிறது. அதற்கும் இதே சட்டப் பாதுகாப்பு. அங்கே லியோபோல்டின் கட்டுரையை யாராவது எடுத்துப் படிக்கலாம்.

அக்கா பையனிடம் போன வாரம் பேசியபோது, பக்கத்து வீட்டுத் தாத்தா மான் சாசேஜ் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னான். வீட்டில் யாரும் தொடவில்லையாம். அன்றைக்கு அவன் பெண் டிவியில் பேம்பி பார்த்திருக்கிறாள். ஆறு வயசு. "அப்பா, அந்த அம்மா மானைச் சுட்டது பக்கத்து வீட்டுத் தாத்தாவா?" என்று கேட்டாளாம்.

"நீ என்னடா சொன்னே?"

"தாத்தா ரூல்ஸ் பிரகாரம்தான் சுடுவார், இது வேற யாரோன்னேன்."

"ஒத்துக்கிட்டாளா?"

"இல்ல மாமா. தாத்தாகிட்டயே போய்க் கேட்டுட்டா."

தாத்தா என்ன பதில் சொன்னார் என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.